காட்டு ரோஜாவின் துரு

இன்று காலை பக்கத்து வீட்டுத் தொட்டியில் இருந்த ரோஜாச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் பொடி. கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. கழுவ மனமில்லாமல், அப்படியே வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு நீங்கள் கம்பத்து மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் பள்ளத்தாக்கின் நிருபர். இருவருக்கும் ஒரே வயது. சுருளிப்பட்டிக்கு மேலே மலைமாடுகளுக்கு ஊசி போடப் போன நீங்கள், ஒரு நாள் துண்டில் முடிந்துகொண்டு வந்தது நாலைந்து காட்டு ரோஜா இலைகளை. ஏலக்காய்த் தோட்டங்களின் ஓரத்தில் வெள்ளைப் பூப் பூத்து மரமேறும் கொடி அது. மாட்டு ரத்தம் பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் அந்தப் பொடியை வைத்து, "பேப்பர்காரரே, இங்கன கண்ண வச்சுப் பாருங்க" என்றீர்கள். ஆரஞ்சு உருண்டைகள், மேலெல்லாம் நுண்ணிய முட்கள்.

"இது துரு. ரோசாவுல வர்ற பூஞ்சை. ஆனா நான் படிச்ச எந்தத் துருவும் இப்பிடி இல்ல."

பூஞ்சைகளைப் படித்த அதிகாரி ஒருவருக்கு இலைகளை அனுப்பினீர்கள். புதிய இனமாக இருக்கலாம், ஆனால் ஆரஞ்சுப் பொடியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று பதில் வந்தது. குளிர் முடியும் காலத்தில் அதே இலைகளில் கறுப்புப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகளில் இருக்கும் கறுப்பு வித்துகளின் அறைகளை எண்ணினால்தான் இனம் தெரியும். தை மாதம் வரை பொறுக்க வேண்டும்.

நீங்கள் பொறுத்தீர்கள். நான் பொறுக்கவில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எட்டு வரிச் செய்தி அனுப்பினேன். 'மலையில் புது நோய்' என்று தலைப்புப் போட்டவர்கள் பத்திரிகை ஆபீசில் இருந்தவர்கள். ரோஜாவைத் தவிர வேறு செடிக்கு இது வராது என்பதைக் கடைசி வரியாக எழுதியவன் நான். இடம் போதாமல் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். கடைசி வரிதான் முதலில் வெட்டுப்படும் என்பது எனக்குத் தெரியாதா?

தையில் இருவரும் ஏறினோம். காட்டு ரோஜாப் புதர் இருந்த இடத்தில் கரிக்கட்டைகள். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "பேப்பர்ல போட்டிருந்தாகளாம்ல, ஏலக்காய்க்கும் பரவிரும்னு. தோட்டத்து ஆளுக வந்து வேரோட வெட்டித் தீ வச்சுட்டாக."

எழுதினவன் இவன்தான் என்று நீங்கள் சொல்லவில்லை. "பாவம், பயந்துட்டாக" என்றீர்கள். குனிந்து சாம்பலைக் கிளறி, ஒரு இலையாவது மிஞ்சியிருக்கிறதா என்று வெகுநேரம் தேடினீர்கள். இறங்கும்போது பாதி வழியில் நின்று சொன்னீர்கள்: "அந்தக் கடைசி வரிய மொத வரியா எழுதியிருக்கலாம்யா." பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் முழுக்கத் தேடினோம். ஓய்வு கிடைத்த நாளெல்லாம் நானும் உங்களோடு ஏறினேன். மாட்டுக்காரர்கள் உங்களைக் கேலி பேசினார்கள். "ஊசிக்காரக மாட்ட விட்டுப்புட்டு முள்ளுக்கு வைத்தியம் பாக்குறாக!" "முள்ளு ஒதைக்காதுல்ல, உங்க காள மாதிரி" என்று நீங்கள் முழங்காலைத் தடவிக்காட்டுவீர்கள். கடைசியில், தோட்டங்களுக்கு வெகு தூரத்தில் இன்னொரு புதர் அகப்பட்டது. அதிலும் ஆரஞ்சுப் பொடி இருந்தது. அந்தத் தையில் இலையின் அடியில், மசி தெளித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள்.

மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு வித்தும் மணி கோத்த குச்சி போலத் தெரிந்தது. அடியில் வீங்கிய காம்பு.

"எத்தன அறை?"

"ஏழு."

"அவசரப்படாதீக. திரும்ப எண்ணுங்க."

எட்டு. அடுத்ததில் ஏழு. ஒவ்வொன்றையும் நான் சொல்ல நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். என் கண்ணை நம்பி எழுதினீர்கள்.

அந்தக் கணக்கையும் இலைகளையும் அதே அதிகாரிக்கு அனுப்பினீர்கள். மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. இதுவரை எவரும் விவரிக்காத இனம்தான். வாசலில் காய்ச்சல் கண்ட பசுவோடு ஒருவர் காத்திருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பைத் துடைத்து, பசுவின் ரத்தத்தை வைத்தீர்கள். குனிந்திருந்த உங்கள் முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"இப்ப எழுதலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க. எடத்த மட்டும் எழுதாதீக."

ரோஜாவைத் தவிர வேறெதற்கும் இது வராது என்று முதல் வரியில் எழுதினேன். இடம் எங்கே என்று ஆசிரியர் இரண்டு தந்தி அடித்தார். சொல்லவில்லை. தெரிந்த விவரத்தைச் செய்தியில் நான் மறைத்தது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. போன மாதம் ஒரு கல்லூரி ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். அந்தப் புதர் எங்கே என்று எழுதித் தரச் சொன்னார். எழுத மாட்டேன், நடக்கத் தெம்பிருந்தால் வாருங்கள் என்றேன். வழியில் நான்கு இடத்தில் மூச்சுவாங்க உட்கார்ந்தேன். இரண்டு இலைக்கு மேல் பறிக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் இரண்டுதான் பறித்தார்.

கொடி நன்றாக இருக்கிறது. மேலே மரம் வரை ஏறிவிட்டது. எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில்கூட அதை எழுதவில்லை.