என் குரலுக்கு இறங்கிய கம்பிகள்

என் செல்ல அண்ணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உனக்கு நினைவு ஜெபம் வைத்தோம். திருவள்ளூரிலிருந்து மைக் செட்காரர் வந்து வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். "அவன் இருந்தா சத்தம் சரியில்லன்னு இந்நேரம் என்னிய ரெண்டு வாட்டி மரத்துல எறக்கி ஏத்தியிருப்பான்" என்று சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று காலையில் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். உன் கிட்டார் போச்சு என்றே நினைத்துவிட்டேன் அண்ணா.

மோட்டார் காயில் கட்டும் வேலையில் மிஞ்சின செப்புக் கம்பியைக் காந்தத்தில் சுற்றி, சாதாரண கிட்டாரை நீயே கரண்ட் கிட்டாராக மாற்றினாயே, அதை ஒரு வருஷமாக நான் யாரையும் தொட விடவில்லை. ஜெபத்தில் வாசிக்கட்டுமே என்று அம்மா அதை எடுத்து, சபையில் கிட்டார் வாசிக்கும் தேவராஜ் அண்ணனிடம் கொடுத்திருக்கிறாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கம்பியெல்லாம் தொளதொளன்னு கெடந்துச்சிம்மா. முறுக்கி கரீட்டா வச்சிட்டேன்" என்றார். நல்ல மனுஷர். உனக்கு மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்.

குடத்தை அப்படியே கீழே வைத்தேன். தகர டிரம்முக்குள் ஸ்பீக்கரை வைத்து, ஒரு விரலும் அழுத்தாமல் ஆறு கம்பியையும் நீ ஒரு தடவு தடவினால், அந்தச் சத்தம் சாம்பிராணிப் புகை மாதிரி வீடு முழுக்க நிற்குமே. "இன்னாடா பாட்டு இது, ஆரம்பிக்கவே மாட்டேங்குது" என்று அப்பா கேட்பாரே. அதெல்லாம் நீ தளர்த்தி வைத்த சுருதியில்தானே இருந்தது? அதை இனி யார் திருப்பி வைப்பார்கள்? உட்கார்ந்து அழுதேன்.

அம்மாதான் வந்து தலையில் தட்டினாள். "இன்னாத்துக்குடி அழுவுற? உன்னிய முனக சொல்லித்தானே அவன் கம்பி வைப்பான்?"

அப்போதுதான் உறைத்தது. நீ இருந்தபோது ஒருநாள் சபைப் பாடகர் குழுவில் என் குரல் தடிப்பு என்று கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நீ ஏன் மேல ஏறிக்கினு கஷ்டப்படற? நான் கம்பிய எறக்கிக்கறேன்."

தேவராஜ் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து 'ம்' என்று இழுத்தேன். அவர் தடித்த கம்பியைத் தளர்த்தினார். இன்னும், இன்னும் என்றேன். என் ச, அதற்கு மேல் என் ப, மறுபடியும் ச. வேறு சுரமே நீ வைத்ததில்லை. ஆறும் முடிந்ததும் டிரம்முக்குள் ஸ்பீக்கரை வைத்து அவர் ஒரு தடவு தடவினார். நீ வந்து நின்ற மாதிரி இருந்தது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஜெபத்தில் நான் பாடினேன் அண்ணா. மைக்கில், முழுத் தொண்டையோடு. "யாருடி அது, இவ்ளோ நல்லா பாடறது?" என்று ஆரணி அத்தை கேட்டாளாம். உனக்குக் கேட்டதா?

கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் அறுந்தும் போகும். வேறு மாட்டிக்கொள்ளலாம். உன் சுருதி என் தொண்டையில்தான் இருக்கிறது. அதனால் ஒரு வாக்குத் தருகிறேன்: நீ திட்டித் திட்டியும் நான் விடாத சேமியா ஐஸை இன்றோடு விட்டுவிட்டேன்.

உன் கட்டைக் குரல் தங்கச்சி,
எஸ்தர்