மேல் தெறி இல்லாத சட்டை

அன்புள்ள அக்கா,

முதலில், வேலியோரம் நின்று பிள்ளைகளைச் சொல்லிப் பெருமையடிக்கிற நம்முடைய போட்டியில் நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். மூத்த பேரன் யூனிவர்சிட்டி முடித்துவிட்டான். கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாகக் குயின் தெருவில் ஊர்வலம் போனான். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நடைபாதையோரமாகக் கூடவே நடந்தேன். காற்று முந்தானையைப் பிடுங்கியதில் அவனைவிட என்னைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். பேத்திக்கு ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க்ஸ். தமிழ் வகுப்புப் பேச்சுப்போட்டியில் இரண்டாம் பரிசு வேறு. போட்டியிட்டதே இரண்டு பேர்தான் என்பதை நீங்கள் அங்கே யாருக்கும் சொல்லவேண்டாம். கடைக்குட்டிக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. அதையும் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் மகன் ஒருவனோடு போட்டி போட எனக்கு எப்போதும் என் வீட்டில் எல்லாரும் தேவைப்பட்டார்கள்.

நேற்று மூத்தவனுக்கு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கம்பனியில் இன்டர்வியூ. டை கட்டப்போன நேரத்தில் சட்டையின் மேல் தெறி கையோடு வந்துவிட்டது. தெறி என்று நாங்கள் யாழ்ப்பாணத்தார் சொல்வது சட்டைப் பட்டனைத்தான். உங்களுக்கு நான் சொல்லித்தந்த முதல் தமிழ்ச் சொல்லே அதுதானே. "அப்பம்மா, குவிக்!" என்று அவன் நின்ற நிலையில் நிற்க, நான் தெறிகள் போட்டுவைக்கிற பிஸ்கட் தகரப் பேணியைக் கட்டிலில் கவிழ்த்தேன். கறுப்பு, நீலம், உடைந்த கொக்கி எல்லாவற்றுக்கும் நடுவில் உங்கள் வெள்ளைத் தெறி கிடந்தது. சிப்பி ஓட்டில் செய்தது. வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே இளஞ்சிவப்பு ஓடும்.

"அதையே தையுங்கோ, அப்பம்மா. மேட்ச் பண்ணுது."

"இது வேலை கேட்கப் போற தெறி இல்லையடா" என்று வேறொன்றைத் தைத்து அனுப்பினேன். அவன் போன பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே இருந்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "என்ன மாமி, தனிய இருந்து சிரிக்கிறியள்?" என்றாள். அவளுக்கு அரை மணி நேரத்தில் சொல்ல முடியாத கதை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

மனுரேவாவில் நம்முடைய தெருவில் அந்த நாளில் பகலில் மிச்சமிருந்தது நாம் இரண்டு கிழவிகளும் ஒரு செம்பட்டைப் பூனையும்தான். என் மகன் விரி என்ற இடத்திலுள்ள சாமான் கிட்டங்கிக்கு வேலைக்குப் போய்விடுவான். உங்கள் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய பிள்ளைகளைப் பார்ப்பதற்காகத்தான் நீங்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்திருந்தீர்கள். துணி காயப்போடப் போன இடத்தில் பழக்கமானோம். நான் உங்களை அக்கா என்றேன். உங்கள் பாஷையில் அக்காவுக்கு 'ஆத்தே' என்று சொல்லி, நீங்கள் என்னை ஆத்தே என்றீர்கள். இருவரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை நீங்களும் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் வந்தது டிவியிலிருந்தும் பேரப்பிள்ளைகளின் சண்டையிலிருந்தும்தான். ஆனாலும் நீங்கள் பேசும் இங்கிலீஷ் மட்டும் என் காதுக்குள் போனதும் யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"என்ர மகன் அப்புக்காத்து" என்பதுதான் உங்களுடைய முதல் பெருமை. வக்கீலுக்கு எங்கள் பக்கத்துச் சொல்லை நானே கொடுத்து, நானே மாட்டிக்கொண்டேன். ஆட்களுக்குச் சட்டை தைத்துத் தைத்து அவனைச் சட்டம் படிக்கவைத்தீர்கள். அவன் எடுத்த முதல் வழக்கு சந்தை மீன்காரிகளுடையது. அவர்களை இடத்தைவிட்டு எழுப்பப் பார்த்தார்கள். கோர்ட்டில் இவன் பேசின பேச்சில் எதிர்ப்பக்கத்து வக்கீலே கேள்வி கேட்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வீர்கள். வென்ற பிறகு மீன்காரிகள் கூடை கூடையாக மீன் கொண்டுவந்து கொட்டினார்களாம். "ஒரு கிழமை, ஏழு நாளும், வீடு முழுக்க மீன் நாத்தம், ஆத்தே. அதைவிட வாசம் நான் கண்டதில்லை" என்றீர்கள்.

அந்தப் பேச்சுத்தான் அவனை அரசாங்கத்துக்குக் கொண்டுபோனது. உங்கள் மாகாணத்துக் கவர்னர் அவனைக் கூப்பிட்டுச் செய்திச் செயலாளர் ஆக்கினார். பத்திரிகைக்காரர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அரசாங்கத்துக்காக நின்று பதில் சொல்வது அவன் வேலை. கார், டிரைவர், மேசையில் மூன்று டெலிபோன். அந்த வாரம் நான் வேலிப் பக்கமே வரவில்லை. என் கையில் அப்போது பேத்தியின் நீச்சல் சான்றிதழ் ஒன்றுதான் இருந்தது.

பிறகு ஆபீஸ் படம் வந்தது. கொடிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். நான் "ராசா மாதிரி" என்றேன். நீங்கள் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தீர்கள்.

"நல்ல படம். ஆனா மேல் தெறியைப் பூட்டியிருக்கிறான்."

"பூட்டினால் என்ன அக்கா? மரியாதைதானே?"

அப்போதுதான் சொன்னீர்கள். வெயில் ஊரில் பிறந்தவன், கழுத்து இறுகினால் அவனுக்கு ஆகாது. எப்போதும் மேல் தெறி திறந்தே கிடக்கும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டுப் பட்டம் விட்டுவிட்டு வருகிற நாளில் மட்டும், கோயிலுக்குப் போகிறவன் மாதிரிக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு வாசலில் நிற்பானாம். வாய் திறக்க முன்பே நீங்கள் தடியை எடுத்துவிடுவீர்களாம். ஏன் பிடிபடுகிறோம் என்று அவனுக்கு அன்றுவரை தெரியாது.

அன்றிலிருந்து நமக்கு ஒரு புது வேலை கிடைத்தது. அவன் பேசுகிற கூட்டங்களை உங்கள் மருமகள் வீடியோ கசட்டில் பிடித்துத் தபாலில் அனுப்புவாள். அந்த நாட்டுக் கசட்டும் இந்த நாட்டு டெக்கும் ஒத்துப்போகாததால் படம் கறுப்பு வெள்ளையாக, நடுங்கி நடுங்கி ஓடும். நான் வடை கொண்டுவருவேன், நீங்கள் வாழைப்பழம் பொரிப்பீர்கள். பேத்தி வந்து பார்த்துவிட்டு, "சோ போரிங்! ஒரு ஆள் சும்மா கதைச்சுக்கொண்டு நிக்கிறார்" என்பாள். நமக்கு அது போரிங் இல்லை. ஒரு சொல்லும் விளங்காமலே நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கை மைக்கில் இருந்தால் உண்மை. கழுத்துக்குப் போனால், "அக்கா, பூட்டிறான், பூட்டிறான்!" என்று நான் கத்த, நீங்கள் "கவர்னருக்குச் சும்மா தடிமன்தானாம், மூக்கடைப்பாம்" என்று மொழிபெயர்க்க, "தடிமன் இல்லை, பெரிய வருத்தம், படுத்த படுக்கை" என்று நாமே முடிவு கட்டுவோம். வயிறு நோகச் சிரித்திருக்கிறோம்.

பாலம் உடைந்த பிறகு உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் தங்கச்சி. மழைக்குப் பாலம் போன பிறகு அவரும் மற்ற மீன்காரிகளும் கூடையைத் தலையில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் சந்தைக்குப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அப்படித்தான். கசட்டில் அவன் சொல்கிறான், பால வேலை முடிகிற கட்டத்தில் இருக்கிறது என்று. கை கழுத்தில். அடுத்த கசட்டிலும் அதே பேச்சு, கை அதே இடத்தில். தங்கச்சியோ போனில், ஒரு கல் கூட வரவில்லை என்கிறார்.

"அவனிட்டயே கேளுங்கோவன்" என்றேன்.

"கேட்டனான். 'அம்மா, அது என்ர வாய் இல்லை, அரசாங்கத்தின்ர வாய்' எண்டுறான்." வாழைப்பழம் சட்டியில் கரிந்துகொண்டிருந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "அந்த மீன்காரிகளுக்காகக் கதைச்ச வாய், ஆத்தே. அதை எங்கையோ குடுத்திட்டு நிக்கிறான்."

அடுப்பை அணைத்தீர்கள். "சரி. வாய் அரசாங்கத்தின்ர எண்டால், சட்டை என்ர."

வருடாவருடம் அவன் பிறந்தநாளுக்கு நீங்கள் தைத்து அனுப்புகிற சட்டையைத்தான் அன்றைக்கு அவன் போடுவான். மந்திரி வந்தாலும் மாற்றமாட்டான். அந்த வருடம் கராஜில் உங்கள் மெஷின் ஓடுகிற சத்தம் எங்கள் குசினி அடுப்படி வரை கேட்டது. அரைக்கை வெள்ளைச் சட்டை, நெஞ்சில் வெள்ளை நூலிலேயே பூவேலை. பார்சல் கட்டுமுன் எனக்குக் காட்டினீர்கள். நான் விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, மேல் தெறி விட்டுப்போச்சு" என்றேன்.

"விட்டுப்போகேல்லை. வேணுமெண்டு நான்தான் விட்டனான்."

அந்த ஒரு தெறியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினீர்கள். "உன்னட்டை இருக்கட்டும். என்னட்டை இருந்தால் மனம் கேளாமல் தைச்சுப்போடுவன்." எப்போதும் கழுத்தைத் திறந்து விடுகிறவனுக்கு அது இல்லாதது கண்ணில் படாது. தேடுகிற நேரத்தில்தான் தெரியும்.

பிறந்தநாளன்று பொழுதுபட்ட நேரம் உங்கள் குசினிச் சுவர் டெலிபோன் அடித்தது. நான் அங்கேதான் நின்றேன். நிற்காமல் வீட்டில் எப்படி இருப்பது? நீங்கள் பேசுவதைக் கேட்டேன். "சட்டை அளவோ? ... என்ன, ஒண்டு குறையுதோ? ... இல்லை மகனே. மறக்கேல்லை." அதற்குப் பிறகு நீங்களும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. ஐ.எஸ்.டி காசு ஓடுகிறதே என்று எனக்குப் பதைபதைப்பு. திடீரென்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. ரிசீவரைத் தாண்டி, அடுப்படி வரைக்கும் எனக்கே கேட்டது. என்ன நடந்தது என்று நீங்கள் கேட்க, "கசட் வரும், பாருங்கோ" என்று வைத்துவிட்டான். அப்புக்காத்துப் புத்தி!

கசட் வரும்வரை நாம் பட்ட பாடு. தபால்காரப் பெடியன் நம்மைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பத் தொடங்கிவிட்டான். வந்த அன்றைக்கு வடையும் இல்லை, பொரியலும் இல்லை. பிறந்தநாளன்று நடந்த கூட்டம், உங்கள் சட்டையில் நிற்கிறான். முன்வரிசையில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் எழும்பிக் கேள்வி கேட்கிறாள். பாலம் என்று எனக்கே விளங்கிவிட்டது. அவன் கை மைக்கை விட்டு மேலே போகிறது. கழுத்தில் தேடுகிறது. விரல் துளையைப் பிடித்துவிட்டது, தெறியைக் காணவில்லை. குனிந்து பார்க்கிறான். நிமிர்கிறபோது முகம் வேறு, அக்கா. பட்டம் விட்டுவிட்டு வந்து வாசலில் நின்ற பிள்ளையின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். கையை மெதுவாக இறக்கி மேசையில் வைத்துவிட்டுப் பேசினான்.

"என்ன சொல்லுறான்? அக்கா, என்ன சொல்லுறான்?" நான் உங்கள் தோளைப் பிடித்து உலுக்குகிறேன்.

"'பாலத்தில இன்னும் ஒரு கல்லும் வைக்கேல்லை. முந்தி நான் சொன்னது சரியில்லை. எப்ப வைப்பினம் எண்டு எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்லுறன்' எண்டுறான்." சொல்லிவிட்டு முந்தானை தேடுகிறவர் போலத் துழாவினீர்கள். நீங்கள் கட்டியிருந்தது கவுன். என் முந்தானையால் முகத்தைத் துடைத்தீர்கள்.

கொஞ்ச நாளில் அந்தப் பதவி போய்விட்டது. காரும் போய்விட்டது. அன்று மட்டும் நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றீர்கள். "நான் அவன்ர வேலையைக் கெடுத்துப்போட்டன் போல, ஆத்தே."

"அக்கா, செய்திச் செயலாளர் எண்டு சொன்னால் இந்தத் தெருவில ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அப்புக்காத்து எண்டால் எல்லாருக்கும் விளங்கும். பழையபடி அதைச் சொல்லிப் பெருமை அடிக்கலாம்" என்றேன். நீங்கள் சிரித்தபடியே அழுதீர்கள். ஆனால் பாலத்துக்குக் கல் வந்து இறங்கியது. பேக்கரிக்கு மேலே ஒரு சின்ன அறையில் அவன் போர்டு மாட்டினான். முதலில் படியேறி வந்தது உங்கள் தங்கச்சி, கையில் மீன்.

போன குளிர்காலம் நீங்கள் போனபோது அவன் வந்தான். செத்தவீடு எல்லாம் முடிந்து என் குசினியில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டான். "உறைப்புக் கூடிப்போச்சோ, தம்பி?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வழிய, "நோ, நோ, வெரி குட்" என்றான், கை நேரே கழுத்துக்குப் போனது. அவனும் கண்டான், நானும் கண்டேன். அந்த வாரத்தில் நம் இரண்டு வீட்டிலும் கேட்ட முதல் சிரிப்பு அது. தெறியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திரும்ப வைத்து, உங்களைப் போலவே விரல்களை மூடினான். "உங்களிட்டையே இருக்கட்டும், அன்ட்டி. என்னட்டை இருந்தால் தைச்சுப்போடுவன்." நீங்கள் சொன்ன அதே பேச்சு. அவனுக்கு அது தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

நேற்று இன்டர்வியூ முடிந்து வந்த பேரனிடம் "எப்படி?" என்றேன். "நல்லாப் போச்சு, அப்பம்மா" என்றான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கை பிரிட்ஜ் கதவில் இருந்தது. நம்பிவிட்டேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். இந்த வீட்டில் ஒருவரும் என்னிடம் தப்ப முடியாது.

இதைப் பேத்தி இங்கிலீஷில் எழுதி உங்கள் மகனுக்கு அனுப்புவாள். நீங்களும் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், தாய் சொன்னால் கேட்பான். எங்கள் டிவிக்கு மேலே இன்னும் கொடிக்குப் பக்கத்தில் கழுத்து இறுகி நிற்கிற அந்தப் பழைய படம்தான் இருக்கிறது. உங்கள் மகள் வீடு மாறும்போது எனக்குத் தந்துவிட்டுப் போனது. ஒரு புதுப் படம் எடுத்து, மடிக்காமல் உள்ளே அட்டை வைத்து, தபாலில் போடச் சொல்லுங்கள். பின்னால் சட்டப் புத்தகம் தெரியவேண்டும் என்றில்லை, மீன்காரிகளோடு நின்றாலும் சரி. மேல் தெறி மட்டும் திறந்திருக்கட்டும்.