கார் சத்தத்துக்கு ஒரு கமர்கட்டு

டீச்சரம்மாவுக்கு,

இன்று காலை துவைக்க எடுத்த என் சட்டையை உதறிவிட்டு வீட்டுக்காரி சத்தம் போட்டாள். "ஏனுங்க, பையி பூரா எறும்புங்க! இந்தக் கருமத்த இன்னும் எத்தன நாளைக்குச் சொமக்கப் போறீங்க?"

அவள் சொன்ன கருமம் ஒரு கமர்கட்டு. உருகிக் காகிதத்தோடு சேர்ந்து துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெல்லமும் தேங்காயும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் இருக்கிற கோபம் மறுபடி பொங்கியது. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். உயிரோடு இருந்தபோது உங்களைத் திட்ட எனக்கு நீங்கள் ஒரு வாய்ப்பும் தரவில்லையே.

நீங்கள் மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தது நல்ல மழையில். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அறிவு வளர்ச்சி தாமதமான பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடி அலைகிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். குடையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றீர்கள். எங்கள் மகள் பூங்கொடிக்கு அப்போது பத்தொன்பது வயது. வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சு வராது. பள்ளிக்கூடம் மூன்றாம் மாதமே திருப்பி அனுப்பிவிட்ட பிள்ளை. நாங்கள் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னோம். நீங்கள் கையமர்த்தினீர்கள்.

"கொறைன்னு ஒண்ணுமில்லீங்க. நமக்கு ஒரு நாள்ல வர்றது அவளுக்கு ஒரு மாசத்துல வரும். அவ்வளவுதானுங்க."

என் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள். நான் உங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை போட மறந்து. அதையும் நல்லாயிருக்கிறது என்று குடித்தீர்கள். அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும், உங்களுக்கு நல்ல மனதோடு பொய் சொல்ல வரும் என்று.

அப்படித் தேடிச் சேர்த்த பிள்ளைகளுக்காக நீங்கள் நடத்திய நம் மையத்தில் மொத்தம் ஒன்பது பேர். இரண்டு அறை, ஒரு வேன், சமையலுக்கும் துணைக்குமாக லூர்து ஆயா. வேன், ஆயா சம்பளம், மத்தியானச் சோறு எல்லாமே சென்னையில் இருக்கிற ஓர் அறக்கட்டளையின் நிதியில் ஓடியது. வருடா வருடம் விண்ணப்பம் போட வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை அவர்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். முப்பது வருடம் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் நான், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். சாயங்காலங்களில் வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் நான்தான் நகல் எடுத்தேன். ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறார்கள் என்று நிரப்புகிற மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் நீங்கள் என் கையில் கொடுத்ததே இல்லை. "அத நானே எழுதிக்கறனுங்க ரைட்டரே, உங்களுக்கெதுக்குச் செரமம்?" என்பீர்கள். அதை அக்கறை என்று நினைத்தேன். மடையன்!

பூங்கொடிக்குக் காப்பிக் கொட்டை தரம் பிரிக்கக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதில் ஒற்றையாக உருண்டையாக விளைகிற கொட்டையைப் பீபரி என்போம், அதற்குத் தனி விலை. முறத்தில் கலந்து கிடப்பதிலிருந்து அதைப் பொறுக்க வேண்டும். முதல் வருடம் அவள் கொட்டையை அள்ளி அள்ளிக் கொட்டினாள். இரண்டாம் வருடம் முடிவதற்குள் கண்ணால் பார்ப்பதையே விட்டுவிட்டாள். முகம் ஜன்னல் பக்கம் இருக்கும், விரல் மட்டும் போய் உருண்டையைத் தொட்டு எடுக்கும். எஸ்டேட் கொட்டகையில் இருபது வருடம் தரம் பிரித்த பெண்கள் வந்து முறத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். "நொம்ப சுத்தமுங்க இந்தப் புள்ள கை" என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எஸ்டேட் மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னார், கொட்டகையில் ஓர் இடம் இருக்கிறது, வேலை செய்வாள் என்று மையத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று. ஓட்டமும் நடையுமாக உங்களிடம் வந்தேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"அவசரப்படாதீங்க ரைட்டரே. பூங்கொடிக் கண்ணு இன்னும் தயாராவலீங்க. கூட்டத்தப் பாத்தா மெரண்டுருவா."

அடுத்த வருடமும் கேட்டேன். அதே பதில். பெற்றவனை விட உங்களுக்குத் தெரியும் என்று நம்பினேன். எதிர்த்துப் பேசிய மனைவியை அதட்டி உட்கார வைத்தேன். மேனேஜர் மாற்றலாகிப் போனார், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

சென்னைக்காரர்கள் வருகிற நாளில் மட்டும் என்னை வர வேண்டாம் என்பீர்கள். "அப்பாவப் பாத்தா புள்ள சொணங்குமுங்க." நானும் அந்த நாட்களில் ஒண்டிக்கடை முக்குப் பக்கம் போய்ச் சும்மா சுற்றிவிட்டு வருவேன். கேள்வி கேட்காமல் ஏழு வருடம்.

ஆடி மாதம் நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். கல்லறைக்கு உங்கள் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், அந்தத் தோள் ஒரு வாரம் வலித்தது. பெற்றோர்கள் எல்லாம் கூடி, இனிமேல் ரைட்டர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரி என்றேன். உங்கள் பெயரைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

புரட்டாசியில் கார் வந்தது. காலையிலிருந்து பூங்கொடி முறமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள், பீபரி ஒரு கிண்ணம் நிறைந்திருந்தது. சென்னைப் பெண்மணியிடம் பெருமையாகக் காட்டலாம் என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வளைவில் கார் ஏறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பூங்கொடி முறத்தைத் தள்ளி வைத்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். தலை தொங்கியது, வாய் லேசாகத் திறந்தது. யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது.

"இவ நல்லா தரம் பிரிப்பாங்க மேடம். கண்ணு, செஞ்சு காட்டு சாமி" என்றேன். அசையவில்லை. கொட்டையை அள்ளி அவள் மடியில் போட்டேன். அசையவில்லை. என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறாள் என்று தோன்றிவிட்டது, டீச்சரம்மா. "எடு கைய!" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து அவளை நான் அதட்டியது அன்றைக்குத்தான். அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, ஆனால் கை வெளியே வரவில்லை.

அந்தப் பெண்மணி நல்லவர். "பரவாயில்ல சார், விடுங்க. அப்பா அம்மாவுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும்" என்று மெதுவாகச் சொல்லி எதையோ எழுதிக்கொண்டு போனார்.

கார் சத்தம் வளைவில் மறைந்தது. பூங்கொடி கையை வெளியே எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லூர்து ஆயா உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே கமர்கட்டு.

"கமர்கட்டு கேக்குதுங்க ரைட்டரய்யா. கார் சத்தம் கேட்டா மொறத்தத் தள்ளி வெச்சுட்டு கம்முனு உக்காரோணும். வந்தவங்க போனதுக்கப்பறம் ஒண்ணு கண்ணுக்கு, ஒண்ணு டீச்சரம்மாவுக்கு. ரெண்டு பேரும் உக்காந்து திம்பாங்க. டீச்சரம்மா பழக்கி உட்டதுங்க. மத்த புள்ளைங்களுக்கு இது பாதிகூட வரலீங்க."

"எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் செய்யறதாச் சொன்னாங்களேங்க?"

அன்று சாயங்காலம் உங்கள் அலமாரியைத் திறந்தேன். ஏழு வருடப் படிவம். முதல் வருடத்தில் உண்மை எழுதியிருந்தீர்கள். இரண்டாம் வருடத்திலிருந்து, அவள் கை பழகிய அதே வருடத்திலிருந்து, உங்கள் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே வரி. 'எந்த வேலையையும் தானாகச் செய்ய இயலாது. ஊட்டினால் உண்பாள்.' என் மகள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு உங்களுக்கே ஊட்டிவிட்டிருக்கிறாள், டீச்சரம்மா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நீங்கள் ஒரு முழுப் பெண்ணை மறைத்தீர்கள்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் காரணமும் இருந்தது, அறக்கட்டளையின் விதிமுறையாக. தானாக வேலை செய்யத் தெரிந்தவர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். பட்டியல் ஒன்பதுக்குக் கீழே போனால் வேனுக்கு நிதி கிடையாது. வேன் இல்லாவிட்டால் மாரமங்கலத்திலிருந்து வருகிற மூன்று பேர் மறுபடியும் வீட்டுக்குள்தான். எல்லாம் எனக்கும் புரிகிறது. "கேக்கறவன் கொஞ்சம் குனிஞ்சுதான் நிக்கோணும் ரைட்டரே" என்று நீங்கள் அடிக்கடி சொன்னதும் ஞாபகம் வந்தது. கேட்டது நீங்கள், குனிய வைத்தது என் மகளை. அதுவும் எதற்காக அவளைப் பிடித்தீர்கள்? சொன்னால் கற்றுக்கொள்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதற்காக. ஒன்றும் தெரியாதவளாக உட்காருவதைக்கூட அவள்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள்.

கோபம் அதற்காகக்கூட இல்லை. பத்தாவதாக ஒரு பிள்ளையைத் தேடியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். தேட உங்களால் நடக்க முடியவில்லை, முட்டி தேய்ந்துவிட்டது என்று ஆயா சொல்கிறாள். உங்கள் முட்டிதானே தேய்ந்தது? எனக்குக் கால் இல்லையா? "ரைட்டரே, நாலு ஊரு ஏறி எறங்கிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேனா? அவ்வளவு வேண்டாம், உண்மையைச் சொல்லி என் சம்மதத்தைக் கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேனோ என்னவோ. என்னைக் கேட்டதாக ஆயாவிடம் சொல்லத் தோன்றிய உங்களுக்கு, என்னைக் கேட்கத் தோன்றவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள்.

என் மனைவியிடம் சொன்னேன். அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். "அந்தம்மா செஞ்சது பாவமுங்க. ஆனா அவிய வர்லீன்னா நம்ம புள்ள இன்னும் கதவுக்குப் பொறத்தாலதான் நின்னுட்டிருக்கும்" என்றாள். அதுவும் உண்மைதான். உண்மை என்பதனால் கோபம் போய்விடுமா?

அறக்கட்டளைக்கு எல்லாவற்றையும் எழுதினேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். மறுபடி வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குள் உங்கள் பாடத்தை அழிக்க வேண்டும். ஒண்டிக்கடையில் ஜீப் ஓட்டுகிற பையன்களைக் கெஞ்சி, ஓய்ந்த நேரத்தில் மையத்து வாசல் வரை வந்து போகச் சொன்னேன். ஜீப் வரும், அவள் கையை ஒளித்துக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் கை வைப்பேன். அவள் கை வெளியே வந்து ஒரு கொட்டையைத் தொட்டால் கமர்கட்டு. உங்கள் டப்பா, உங்கள் மிட்டாய், உங்கள் வழி. வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் அதே பெண்மணி வந்தார். கார் சத்தம் கேட்டதும் பூங்கொடியின் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். உங்கள் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பீபரியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. அந்தப் பெண்மணி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் கிளம்பும்போது. "ஆனா இவங்கள லிஸ்ட்லருந்து எடுக்க வேண்டியிருக்கும். பொங்கலுக்குள்ள ஒன்பதாவது ஆள் சேரலைன்னா வேனுக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

நீங்கள் பயந்தது அப்படியே நடந்துவிட்டது. அதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது. இப்போது நான் தினமும் நடக்கிறேன். மாரமங்கலத்துக்கு மேலே ஒரு வீட்டில், கதவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தகவல். அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு முறை இல்லை என்றுவிட்டார்கள். இன்றைக்கும் போகிறேன். எஸ்டேட் கொட்டகையிலும் மறுபடி இடம் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

அன்று கார் போனதும் பூங்கொடி இரண்டு கையையும் நீட்டினாள். இரண்டு கமர்கட்டு கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை உங்கள் நாற்காலியில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து காத்திருந்தாள். சாயங்காலம் வேன் வரும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் நான்தான் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, "டீச்சரம்மாவுக்கு நான் குடுத்துடறேன் கண்ணு" என்று சொல்லி அழைத்துப் போனேன். ஆக, நானும் அவளிடம் பொய் சொல்லியாயிற்று.

எறும்பைத் தட்டிவிட்டு, அதைப் புதுக் காகிதத்தில் சுற்றி, வேறு சட்டையின் பையில் போட்டுக்கொண்டேன். உங்களை நான் மன்னிக்கவில்லை, டீச்சரம்மா. எறிந்துவிடலாம் என்று எத்தனையோ தடவை கை போகிறது. ஆனால் சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது பூங்கொடி வந்து என் பையைத் தொட்டுப் பார்ப்பாள், உங்கள் பங்கு பத்திரமாக இருக்கிறதா என்று.