ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிட்டார்

சென்னீர்குப்பம்,
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயப்பிரியா எழுதுவது. நன்றாக இருக்கிறேன். காதில் சீழ் வடிவது நின்றதா? போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கிவிட்டேன். பழையதுதான், விலை மலிவு. நீங்கள் சொல்லித்தந்தபடி ஒரு கண்ணை மூடி, கிட்டாரின் கழுத்து வளையாமல் இருக்கிறதா என்று பார்த்தே எடுத்தேன். உங்கள் ராக் குழுவில் நீங்கள் வாசித்ததைப் போலவே சிவப்பு. ஹாஸ்டலில் பாட்டுச் சத்தம் கூடாது என்பதால் ஆம்ப்ளிஃபையர் வாங்கவில்லை. கம்பியை மீட்டினால் கொசு பறப்பதுபோல்தான் கேட்கும்.

நேற்று வார்டன் ராணியக்கா மெச்சினார்: "நீ வந்து ஆறு மாசம் ஆவுது. ரூம்ல நீ கீறியா இல்லியான்னே தெர்ல. தங்கமான பொண்ணும்மா!" சிரித்துவைத்தேன். அறைக்குள் வந்ததும் அழுகை வந்துவிட்டது.

இன்னும் ஒன்றரை வருடம் வேலை பார்த்தால்தான் கம்பெனி என் சான்றிதழ்களைத் திருப்பித் தரும். அதுவரை பரணில் இருக்கும் உங்கள் ஆம்ப்ளிஃபையரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். தாடையைக் கிட்டார் மரத்தில் அழுத்திக்கொண்டு வாசித்தால், எலும்பு வழியாகச் சத்தமாகவே கேட்கிறது அப்பா. நான் வந்ததும் உங்கள் தாடையை வையுங்கள், வாசிக்கிறேன்.

ஜெயா