தோற்ற பிறகும் கூட்டத்துக்குப் போனவர்

அண்ணை, இன்றைக்கு எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஈரக் கோட்டுகள் ஹீட்டரில் காயும் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டம் தொடங்க நேரமிருந்தது. வாசலுக்கும் மேடைக்குமாக நடந்தபடி மனதுக்குள் உங்களோடு பேசத் தொடங்கிவிட்டேன்.

நீங்கள் கனடாவுக்கு வந்த கதையில் எப்போதும் ஒரு வெள்ளைக்காரர் வருவார். அகதி விசாரணைத் திகதிக்காக எல்லைக்குத் தெற்கே, அமெரிக்க மாநிலமான வெர்மோன்டின் ஒரு சிற்றூர்த் தேவாலய மண்டபத்தில் தங்கியிருந்தபோது சுவர்ப் படத்தில் கண்டவர். பிறகு லீவு கிடைத்த போதெல்லாம் அந்த ஊருக்குப் போய், விசாரித்து, அவருடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாகச் சேர்த்தீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். தோல் பதனிடும் குடும்பத்துப் பிள்ளை. தானாகச் சட்டம் படித்து, ஊராரின் வாக்கில் சபைக்குப் போனவர். தப்பி வந்த அடிமைகளை விசாரணையில்லாமல் பிடித்துக் கொடுக்கக் கூடாதென்று அங்கே சட்டம் கேட்டார். ஊரின் வியாபாரம் கெடும் என்று சொந்தக் கட்சிக்காரரே தடுத்தார்கள். அவர் விடவில்லை, அடுத்த தேர்தலில் தோற்றார். அவர் பதனிட்ட தோலை வாங்கவும் ஆளில்லாமல் போனது. ஆனாலும் ஊர்க்கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போய் அதையே கேட்டார். கடைசியில் சட்டம் வந்தபோது அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

மொன்ட்ரியால்-நோர் பகுதியின் பேஸ்மென்ட்களில், எல்லை கடந்து வந்த ஹெய்ட்டிக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த குளிர்காலத்தில், அவர்கள் தங்க எங்கள் மண்டபத்தைத் திறந்துவிடலாம் என்றீர்கள். அப்போது நீங்கள் தலைவர், நான் செயலாளர். இது எங்கட சனத்துக்குக் கட்டினது என்றார் பொருளாளர்.

"நானும் ஒருக்கா வேற ஆக்களின்ர மண்டபத்திலதான் படுத்தனான்," என்றீர்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் உங்களைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கினார்கள். வீடு இருக்கும் ரொக்ஸ்பரோவுக்குக் காரில் வரும்போது, இனி அந்தப் பக்கமே போகவேண்டாம் என்று கோபப்பட்டேன். நீங்கள் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தீர்கள்.

"நாங்கள் போகாட்டி அவையள் மறந்திடுவினம், பிள்ளை. திரும்பவும் போய்க் கேப்பம்."

வருத்தம் உங்களைப் படுக்கையில் போடும்வரை, கடைசி வரிசையிலிருந்து கேட்டீர்கள். அவர்கள் ஒருமுறைகூட அதை வாக்குக்கு விடவில்லை. போன மாசியில் போய்விட்டீர்கள்.

இன்று, எல்லை கடந்து வருவோருக்கு மண்டபத்தைத் திறக்கும் அதே பிரேரணையை நான் எழுந்து சொன்னேன். வாக்குக்கு விட்டார்கள், தோற்றோம். ஆனால் பொருளாளர், என்னைப் பார்க்காமலே, எங்கள் பக்கத்துக்குக் கை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்தும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த அமைதியின்மைதான், அண்ணை. இதை ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.