இடது பக்கத்து சீட்

செப்டம்பர் 4, 2024, புதன்

காரின் பின் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. சிராஜுதீன் பாய் பட்டறையில் டார்ச் அடித்துக் காட்டினார். "போச்சு சார். இனி இது ஷாக் இல்ல, வெறும் கம்பி."

கோயம்புத்தூரில் ஒருத்தரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. வளைவில் ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். கோவில்பட்டியில் இப்படி ஒரு வண்டியில் தினமும் வேலைக்குப் போகிற பைத்தியம் நான் ஒருத்தன்தான் என்கிறார்கள். சொல்லிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரி செல்வியைப் புதூர் மாட்டாஸ்பத்திரியில் இறக்கிவிட்டு (அவள் அங்கே டாக்டர்), அப்படியே நான் காத்தாடி சைட்டுக்கு (காற்றாலை என்ஜினியர் நான்) போய்விடுவேன். மூன்று வருஷமாக இதுதான் நடப்பு.

ஷாக் போனதில் துளி வருத்தம் இல்லை. உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். எப்படியும் மாற்றத்தானே வேண்டும்? பழையபடி கம்பெனி ஷாக்கையே போட நான் என்ன கிறுக்கனா?

செப்டம்பர் 6, வெள்ளி

இரண்டு வழி இருக்கிறது. ஷாக்கோடு கட்டை ஸ்பிரிங் போட்டு காரைத் தாழ்த்தலாம். இல்லையென்றால் முழு செட் — உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். மனசு செட்டில்தான் நிற்கிறது.

சாப்பிடும்போது செல்வி சொன்னாள்: "ஏங்க, திங்கக்கிழமையில இருந்து நான் பஸ்ல போயிக்கிடுதேன்."

"ஏன்? என்னாச்சு?"

"இடுப்பு. உங்க கார்ல போயி எறங்குனா ஒரு ஆட்டுக்குட்டியத் தூக்க முடியல. சந்தைக்குப் போற ஆட்டக்கூட வைக்கோலு போட்டுத்தான் வேன்ல ஏத்துதாவ."

எனக்கு ஒண்ணும் தெரியலையே என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. அந்த பஸ் மட்டும் என்ன பஞ்சு மெத்தையா?

செப்டம்பர் 9, திங்கள்

போய்விட்டாள். பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பை.

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதே கிடையாது. காலையில் பறப்பு, ராத்திரி அசதி. பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் இந்தக் காரில்தான். எந்த ஊரில் எந்த ஆடு எதைத் தின்று வயிறு ஊதிக் கிடந்தது என்பது வரை சொல்லிக்கொண்டு வருவாள். இன்று எட்டயபுரம் வரை பாட்டுக் கேட்டேன். அப்புறம் அதையும் அணைத்துவிட்டேன்.

பஸ்ஸில்தான் போயிருக்கிறாள். கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கா போய்விட்டாள்? பிறகு எனக்கு ஏன் பாட்டுக்கூடப் பிடிக்கவில்லை?

செப்டம்பர் 15, ஞாயிறு

பாயிடம் செட் பற்றிப் பேசினேன். "ஒண்ணரை இஞ்சு எறக்கிருவோம் சார். பாக்க அம்சமா இருக்கும்" என்றார். வீட்டம்மாவுக்கு இடுப்பு வலி என்று இழுத்தேன். "அது ஷாக்கு செத்ததால சார். வண்டி ஆடுது, வலிக்கி. இறுக்கி வச்சுட்டா எங்க ஆடப் போவுது?"

நான் கேட்க ஆசைப்பட்டதை அப்படியே சொன்னார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக செல்வியிடம் சொன்னேன். "புது செட்டு போட்டா திரும்பி வந்துருவல்லா?"

"யாருக்குப் போடுதீங்க? எனக்கா, காருக்கா?"

கேட்டுவிட்டு அவள் சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 23, திங்கள்

பஸ்ஸில் பக்கத்து சீட்டு டீச்சர் சினேகிதம் ஆகிவிட்டாராம். சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

காத்தாடி ஏணியில் கடைசிப் படியைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டேன். வலது கணுக்கால் பிசகி, பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு மாசத்துக்கு பெடலை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 7, திங்கள்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் செல்வி கை நீட்டினாள். "சாவியக் குடுங்க. உங்கள சைட்டுல விட்டுட்டு நான் புதூர் போயிக்கிடுதேன்."

"ஏட்டி, இது ஸ்கூட்டி இல்ல."

"தெரியுது. ஸ்கூட்டின்னா இடுப்பு வலிக்காது."

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. "எங்க டிபார்ட்மெண்ட் ஜீப்பெல்லாம் ஓட்டியிருக்கேன்" என்பாள். கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் காரின் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

எட்டயபுரம் தாண்டுகிற வரை ஒன்றும் இல்லை. அப்புறம் ரோடு ஒடுங்கியதும் ஆரம்பித்தது. டம். டம். அடிமுதுகில் உலக்கையால் குத்துகிற மாதிரி. எதிரே ஒரு லாரி வந்தது, செல்வி இடது சக்கரத்தை ஓரத்தில் இறக்கினாள், என் பல் கடகடவென்று ஆடியது. "ஏட்டி, மெதுவா!" என்று கத்திவிட்டேன். "நீங்க போறதுல பாதி வேகம்" என்றாள்.

ரோட்டு ஓரம். அட கூறுகெட்டவனே, ரோட்டு ஓரம்! கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடித்து உள்வாங்கும். முதலில் ஓரம்தான் போகும், நடு ரோடு கல்லு மாதிரி நிற்கும். காத்தாடிக்கு அஸ்திவாரம் போடும்போது கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டு கிராவல் மண் நிரப்ப வைக்கிறவன் நான். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மூணு வருஷமா நல்ல பக்கத்துல நான் உக்காந்துகிட்டு, ஓரத்துல அவள உக்கார வச்சு இழுத்துட்டுப் போயிருக்கேன்.

"ஏன் செல்வி, இவ்வளவு மோசம்னு சொல்லல?"

"தெனமும் சொன்னேங்க. தெரியலன்னீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

செல்வியும் பட்டறைக்கு வந்தாள். உயரத்தைத் தொட வேண்டாம், ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிற செட்டாகப் பார்த்து வரவழைக்கச் சொன்னேன். பாய்க்கு முகம் விழுந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு சார் ஸ்போர்ட்ஸ் காரு?"

"பாய், இவிய மனசு மாறுறதுக்குள்ள சொல்லி விட்டுருங்க" என்றாள் செல்வி.

பாய் கேட்ட கேள்வி எனக்கும் உண்டு. நேற்று ராத்திரி முழுக்க இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

செட் மாட்டியாச்சு. நானும் செல்வியும் எட்டயபுரம் தாண்டி அந்த ஒடுங்கிய ரோட்டில் மாறி மாறி ஓட்டி, மாறி மாறி இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். இறுக்கத்தைத் திருகி ஒவ்வொரு கிளிக்காகக் குறைத்தேன். ஒரு இடத்தில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். "இது போதும்" என்றாள். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

வளைவில் கார் கொஞ்சம் சாய்கிறது. பழைய கவ்வல் இல்லை. வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பரவாயில்லை.

நவம்பர் 18, திங்கள்

கால் முழுசாகச் சரியாகிவிட்டது. காலையில் உற்சாகமாக வலது கதவைத் திறந்தால் உள்ளே செல்வி உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னட்டி?"

"புதூர் வரைக்கும் நான். அதுக்கு அங்கிட்டு நீங்க."

சுற்றிப் போய் ஏறினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அது போதும் எனக்கு. யார் ஓட்டினால் என்ன?

டிசம்பர் 5, வியாழன்

செல்வி சொல்கிறாள், வளைவில் கார் மிதக்கிறதாம். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நன்றாக இருக்குமாம்! யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

நேற்று பாய் இரண்டு கிளிக் கூட்டிக் கொடுத்தார், வாயெல்லாம் பல்லாக.

இன்று செல்வி ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மூன்று வருஷமாக என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். புதூர் வருவதற்குள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளுக்கு அது தெரியாது. ஓட்டுகிற பக்கம் உட்கார்ந்தால் தெரியவே தெரியாது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் போய் எப்படிச் சொல்ல என்று மாட்டாஸ்பத்திரி வாசல் வரை யோசித்தேன்.

"செல்வி, இடுப்பு வலிக்குது."

இஞ்சினை அணைத்தாள். வாசலில் ஆடுகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "எங்கன வலிக்கி? எந்தப் பள்ளத்துல இருந்து?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.