எடுத்து வைத்த தாள்

மேனாம்பேடு,
16-6-2024

அன்பு மகள் காவ்யாவுக்கு நைனா எழுதுவது.

இதை நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. நேற்று உட்கார்ந்தேன், இன்று முடித்துவிடுவேன். போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினது போய்விடும். தாள் தலைமாட்டிலேயே இருக்கும்.

தொழிற்பேட்டை எஸ்டேட்டில் மூட்டை தூக்கின காலமெல்லாம் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். இப்போது எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு, போர்டைப் படித்துக்கொண்டே பஸ்ஸை விட்டுவிடுகிறேன். "இன்னா பெரீவரே, ஏறலியா?" என்றான் கண்டக்டர். "நீ போப்பா, நான் படிச்சிகினு கீறேன்" என்றேன்.

உன் அக்கா வரலட்சுமி எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அவளும் மாப்பிள்ளை உதயகுமாரும் ஷிப்டுக்குப் போகிற நாளில், பேத்தி சுவேதாவுக்குச் சர்க்கரை ஊசி போடுவது நான்தான். பேனா ஊசியில் எண்ணைத் திருப்பி வைத்து, வாய்விட்டுப் படித்துவிட்டுப் போடுகிறேன். "எங்க நைனா இப்போ எண்ணு படிக்குது" என்று வரா தெருவெல்லாம் சொல்கிறாள்.

டாக்டர் போன மாதம் ஊசி அளவைக் குறைத்திருக்கிறார். ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளை, தினமும் அழுகிறாள். நீ அந்த ஊரில் இதைத்தானே ஆராய்ச்சி செய்கிறாய்? குழந்தையின் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பெரிய எழுத்தில் எழுது.

இப்படிக்கு,
வேம்புலி
(கைநாட்டு இல்லை, கையெழுத்து!)

கோபன்ஹேகன்,
30-6-2024

அன்புள்ள நைனாவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். தமிழ் தெரியாதவர்களும் உன் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில். அதற்குள் ஏரியில் திட்டுகள் தெரிவது போலச் சின்னச் சின்னத் தீவுகள். இன்சுலின் சுரக்கிற செல்கள் அந்தத் தீவுகளில்தான் குடியிருக்கின்றன. பச்சைக் குழந்தையின் உடம்பில் அவை வேகமாகப் பெருகும். ஒரு செல் தன்னையே இரட்டித்துக்கொண்டு, நடுவில் ஒடுங்கி, இரண்டாகும். பிரிகிற செல் மட்டும் பச்சையாக ஒளிரும்படி நாங்கள் சாயம் ஏற்றுவோம். அது மின்னும்போது "வா, வா" என்று கூப்பிடத் தோன்றும். சுவேதாவுக்கு ஊசி அளவு குறைந்தது கூட, மிஞ்சியிருக்கிற செல்கள் கொஞ்சம் தலைதூக்கியதால்தான்.

(இரண்டாம் தாள்)

ஆனால் நைனா, இது நிலைக்காது. அவள் உடம்பைக் காக்க வேண்டிய படையே அந்தச் செல்களைப் பகை என்று நினைத்துக் கொல்கிறது. அவள் வயதில் அவை பெருகுவதும் அநேகமாக அடங்கிப் போயிருக்கும். மறுபடி பெருக வைக்கத்தான் நாங்கள் முட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் வழி அகப்படவில்லை. அதனால் ஊசியை ஒரு வேளை கூட விடக் கூடாது. விட்டால் உயிருக்கே ஆபத்து.

உன்,
காவ்யா

மேனாம்பேடு,
20-7-2024

அன்பு மகள் காவ்யாவுக்கு,

உன் கடிதம் வந்தது. முதல் தாளைப் படித்து முடிக்க எனக்கு நான்கு மத்தியானம் ஆயிற்று. இரண்டாம் தாளை மடித்தபடியே அரிசி டப்பா மேல் எடுத்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டால் தீர்ந்துபோகுமே! பிள்ளைகள் அதிரசத்தை ஒளித்து வைப்பார்களே, அது மாதிரி.

பச்சையாக மின்னுகிறதா! சுவேதாவுக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றைத் தடவிக்கொண்டு, "தாத்தா, இப்போ ரெண்டாச்சா?" என்கிறாள். "ஆயிகினே கீது" என்றேன்.

எனக்கு ஒரு யோசனை. முருங்கைக் கொம்பு நட்டு, மேலேயே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் வேர் கீழே தேடிப் போகாது. ஊசியும் அப்படித்தானோ? அடுத்த ஞாயிறு கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வராவுக்கும் மாப்பிள்ளைக்கும் ராத்திரி வரை ஓவர்டைம். நல்ல சேதி ஒன்று பழுக்கட்டும், பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
வேம்புலி

மேனாம்பேடு,
6-8-2024

காவ்யா,

சுவேதா பிழைத்துக்கொண்டாள். உன் அக்கா போனில் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது நடந்தது அல்ல.

அந்த இரண்டு நாளும் நான் ஊசி போடவில்லை. மேலே ஊற்றுவதை நிறுத்தினால் உள்ளே வேர் விடும் என்று நினைத்தேன். "அம்மாகிட்ட சொல்லாத தாத்தா" என்று குழந்தை குதித்தாள். ஞாயிறு கூழ் குடித்தாள். சாயந்தரம் வாந்தி. திங்கள் காலை மூச்சு இரைத்தது, வாயில் அழுகின பழ வாசனை. வரா அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மருந்து கெட்டுப்போயிருக்குமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அந்த வாரம் எங்கள் தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்டே இல்லை. கரண்டு போனால் மருந்து சூடாகாமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்க வேண்டும். வரா தலையில் அடித்துக்கொண்டாள். "பானையில வெக்க மறந்துட்டேன் சார்!" மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும், "ஒரு மருந்த ஒயுங்கா பாத்துக்கத் தெர்ல, நீயெல்லாம் இன்னாடி பெத்தவ?" என்று கேட்டான்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

இரண்டாம் தாளை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து படித்தேன். அதற்கு நான்கு மத்தியானம் ஆகவில்லை.

வரா சரியாகச் சோறு தின்பதில்லை. பானையில் தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வேம்புலி

கோபன்ஹேகன்,
19-8-2024

நைனா,

தப்பில் பாதி என்னுடையது. நீ உன் கண்ணால் படிக்கப்போகிற முதல் கடிதம் சந்தோஷமாகத் தொடங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்லதை எல்லாம் முன்னால் எழுதினேன். ஊசி போடுகிறவருக்கு எதை முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பச்சையாக மின்னுவதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். இப்போது அந்தச் செல்களைப் பார்க்கும்போதெல்லாம் சுவேதாவின் மூச்சிரைப்புத்தான் காதில் கேட்கிறது.

நேற்று அக்கா போனில், "நானே எம் பொண்ண கொன்னிருப்பேன் காவ்யா" என்று அழுதாள். உண்மை என் தொண்டைவரை வந்தது. நான் சொன்னால் நீ சொன்னதாக ஆகாது.

நீ சொல்லு நைனா. அதுவரை எனக்கு எழுதக் கை வராது.

காவ்யா

மேனாம்பேடு,
8-9-2024

அன்பு மகள் காவ்யாவுக்கு,

சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போதே சொன்னேன். வரா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "மருந்து கெடல. ஊசியே போடல. நான்தான்" என்றேன்.

களைந்த தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே நின்றாள். பிறகு கேட்டாள்: "நான் அடிச்சிகினு அயுதப்போ நீ பாத்துகினுதான இருந்த, நைனா?"

ஆமாம் என்றேன்.

மாப்பிள்ளை வெளியே போய்விட்டான். சாயந்தரம் வந்தவன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். வராவும் அன்று வயிறாரச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்து நின்றேன்.

ஊசி இப்போது என் கையில் இல்லை. பக்கத்து வீட்டில் நர்சு வேலைக்குப் படிக்கிற கிருஷ்ணப்பிரியா வந்து போடுகிறாள். வரா எனக்குத் தட்டு வைக்கிறாள், பேசுவதில்லை. அது நியாயம்தான். சுவேதா மட்டும் ஊசிக்கு முன்னால் பேனாவை என் பக்கம் நீட்டி, "எண்ணு சரியா கீதா தாத்தா?" என்கிறாள். நான் தள்ளி நின்றபடியே படித்துச் சொல்கிறேன். வரா வேண்டாம் என்று சொல்லவில்லை.

படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை. உன் இரண்டு தாளையும் ஒன்றாகத் தைத்து வைத்திருக்கிறேன்.

நீ எழுது. அந்தச் செல்கள் பெருக என்றைக்காவது வழி கிடைத்தால் அதையும் எழுது. ஆனால் கெட்ட சேதியை முதல் தாளில் எழுது. நல்லதை நான் கடைசிவரை போய்ப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நைனா வேம்புலி